முதலில் எங்கே கேட்டீர்கள்? கோதிக் ராக் ரசிகர்களின் தொடக்கங்கள்

கோதிக் ராக், அதாவது 1970-களின் இறுதியில் பிரிட்டனில் உருவான இருண்ட மனநிலை கொண்ட ராக் இசை, கேட்கும் இருவர் முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: உங்களுக்குப் பிடித்த குழு எது, அதை எப்படி முதலில் கேட்டீர்கள்? கேள்வியின் முற்பாதிக்கு ஒரு சொல்லில் விடை வந்துவிடும். பிற்பாதிக்கு விடை சொல்லத் தொடங்கியவர் எளிதில் நிறுத்த மாட்டார். அந்த கேசட் யார் கையிலிருந்து வந்தது, பாட்டின் பெயர் தெரியாமல் எவ்வளவு காலம் தவித்தார், இசைத்தட்டின் உறையில் என்ன இருந்தது, அன்றிரவு தூக்கம் வந்ததா இல்லையா என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும். இத்தகைய கதைகளைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்க எனக்குள் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. ஒரு குழுவிடம் நாம் எந்த வழியாக வந்து சேர்ந்தோமோ, அந்த வழிதான் அந்தக் குழு நமக்கு எதுவாக இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே பெயரைச் சொல்லி இருவர் மகிழ்ந்தாலும், அவர்கள் மனத்தில் ஒலிப்பது பல நேரங்களில் ஒரே குழுவாக இருப்பதில்லை.

முதல் தலைமுறையிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் நகரில் கூடிய பௌஹவுஸ் குழு, உருவாகிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், 1979 ஜனவரியில், டிராகுலா வேடத்தில் புகழ்பெற்ற நடிகரின் பெயரைத் தாங்கிய 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்டைப் பதிவு செய்தது. ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாட்டில் பீட்டர் மர்ஃபியின் குரல் வருவதற்கே நெடுநேரம் ஆகும். அதுவரை கெவின் ஹாஸ்கின்ஸின் தாளமும், டேவிட் ஜேயின் பாஸ் கிதாரும், எதிரொலியில் சிதறிப்போகும் டேனியல் ஆஷின் கிதாரும்தான். ஸ்மால் வொண்டர் என்ற சிறு நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் அதை வெளியிட்டது. இவ்வளவு நீளமான பாட்டுக்குப் பகல்நேர வானொலியில் இடமில்லை. பிபிசி ரேடியோ 1-இல் இரவு நேரத்தில் நிகழ்ச்சி நடத்திய ஜான் பீல்தான் அதை முழுவதுமாக ஒலிபரப்பினார். அதை அன்று கேட்டவர்களிடம் இருந்தது ஒலி மட்டுமே. பாடியவரின் முகம் தெரியாது, உடை தெரியாது, குழுவின் பெயர்கூட ஒரே ஒரு முறை காதில் விழுந்ததுதான். அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் பௌஹவுஸ் பற்றிப் பேசும்போது பாட்டின் இடைவெளிகளைப் பற்றியும், டிரம்மின் விளிம்பில் விழும் குச்சியின் ஓசையைப் பற்றியும் முதலில் பேசுவார்கள். கறுப்பு உடையும் வௌவால்களும் அவர்கள் பேச்சில் பிறகுதான் வரும், வந்தால்.

இரவு வானொலி என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைய வாசகருக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். பீல் தம் நிகழ்ச்சிக்கென்றே குழுக்களை அழைத்து பிபிசியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல்களைப் பதிவு செய்ய வைத்தார். சூக்ஸி அண்ட் தி பன்ஷீஸ் குழு, எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே இப்படித்தான் நாடு முழுவதும் கேட்கப்பட்டது. பிரிட்டிஷ் படைகளுக்கான வானொலியிலும் பீலுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்ததால், அப்போதைய மேற்கு ஜெர்மனியில் வாழ்ந்த இளைஞர்கள் அதே பாடல்களைத் தங்கள் அறையிலிருந்தே பதிவு செய்துகொண்டார்கள். இன்று உலகின் பெரிய கோதிக் விழாக்களில் ஒன்று ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடக்கிறது. ஜெர்மானியர்களுக்கு இந்த இசையோடு ஏற்பட்ட நெருக்கத்துக்கு அந்த வானொலி அலைவரிசைக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். வானொலியிலிருந்து பதிவு செய்த கேசட்டுக்கென ஒரு தனித்தன்மை இருந்தது. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்குள் முதல் சில நொடிகள் போயிருக்கும். இறுதியில் அறிவிப்பாளரின் குரல் ஏறிவிடும், அல்லது நாடா தீர்ந்துவிடும். இப்படிக் கேட்டுப் பழகியவர்களுக்கு, பின்னர் இசைத்தட்டில் முழுப் பாட்டையும் கேட்கும்போது அதன் தொடக்கம் அந்நியமாகத் தோன்றும். அவர்கள் காதுக்குப் பாட்டு இரண்டாவது அடியிலிருந்துதான் தொடங்குகிறது.

லீட்ஸ் நகரில் 1980-இல் தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி குழுவைத் தொடங்கிய ஆண்ட்ரூ எல்ட்ரிச்சும் கேரி மார்க்ஸும், தங்கள் பாட்டு வானொலியில் ஒலிப்பதைத் தாங்களே கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் முதல் சிங்கிளை, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டை, வெளியிட்டார்கள். அதையும் பீல் ஒலிபரப்பினார். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்பவர்களாக இருந்தவர்கள் அதே வானொலியின் வழியாகக் கேட்கப்படுபவர்களாக மாறியது இந்த இசையின் பிறப்பிலேயே இருக்கிறது.

காதால் வந்தவர்கள் இவர்கள் என்றால், கண்ணால் வந்தவர்கள் வேறொரு கூட்டம். 1982-இல் பௌஹவுஸ் டேவிட் போவியின் 'ஸிகி ஸ்டார்டஸ்ட்' பாட்டைத் தங்கள் பாணியில் பாடி, 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியது. எலும்பும் நிழலுமாக இருந்த மர்ஃபியின் முகத்தை அன்று மாலை வீட்டுக் கூடத்தில் பார்த்த சிறுவர்கள் பலர். மாக்செல் கேசட்டுக்கான பிரிட்டிஷ் விளம்பரத்திலும் மர்ஃபி நடித்தார். நாற்காலியில் அமர்ந்திருப்பவரை ஒலியின் வேகம் காற்றைப் போல் அறையும் அந்த விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் ஒரு பாடகர் என்பதே தெரிந்திருக்காது. 1983-இல் டோனி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த 'தி ஹங்கர்' படத்தின் தொடக்கக் காட்சி இவை எல்லாவற்றையும் விஞ்சியது. இரவு விடுதி ஒன்றில் கம்பிவலைக்குப் பின்னால் நின்று மர்ஃபி 'பெலா லுகோசிஸ் டெட்' பாடுகிறார்; கேமரா திரும்பத் திரும்ப அவரிடமே வருகிறது. குழுவின் மற்ற மூவரும் ஏறக்குறைய கண்ணில் படவே மாட்டார்கள்.

அந்தக் காட்சியின் வழியாகக் கோதிக் ராக்குக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை பெரிது. இசைத்தட்டுக் கடைகள் இல்லாத ஊர்களிலும் அந்தப் படத்தின் வீடியோ கேசட் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே 1983-இல் பௌஹவுஸ் கலைந்துவிட்டது. ஆகவே படத்தைப் பார்த்து, பாட்டு யாருடையது என்று விசாரித்து, நான்கு ஆல்பங்களையும் தேடிப் பிடித்தவர்களில் பலர், குழு இல்லாமல் போன பிறகே அதன் ரசிகர்களானார்கள். 1998-இல் அது மீண்டும் கூடியபோது, மேடையில் அதைப் பார்ப்போம் என்று எதிர்பார்த்தே இராத ஒரு கூட்டம் அரங்குகளை நிறைத்தது. படத்தின் வழியாக வந்தவர்களுக்கு பௌஹவுஸ் என்றால் மர்ஃபி. வானொலி வழியாக வந்தவர்களுக்கோ பௌஹவுஸ் என்றால் அந்தப் பாஸும் கிதாரும். இரு தரப்பும் வாதிட்டுக்கொள்வதை நேரில் கேட்டிருக்கிறேன். இருவர் சொல்வதும் சரி என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஃபீல்ட்ஸ் ஆஃப் தி நெஃபிலிம் குழுவை அதன் ஒரு பாட்டைக்கூடக் கேட்பதற்கு முன்பே காதலித்தவர்கள் உண்டு. அகன்ற தொப்பி, மேற்கத்தியக் கௌபாய்ப் படங்களில் வருவதுபோன்ற நீண்ட மேலங்கி, நெடுந்தூரப் பயணத்தின் புழுதி போலத் தோன்ற வேண்டும் என்பதற்காக உடைமீது தூவிய மாவு என்று இசைப் பத்திரிகையில் வந்த அவர்களின் புகைப்படம் ஒன்றே பலருக்குப் போதுமானதாக இருந்தது. படத்தைப் பார்த்து, இவர்களின் இசை எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் கற்பனை செய்து வைத்திருந்து, பின்னர் கார்ல் மெக்காயின் அடித்தொண்டைக் குரலைக் கேட்டபோது கற்பனையும் உண்மையும் ஒன்றாக இருந்ததைச் சொல்லி வியந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். சிஸ்டர்ஸ் குழுவின் சின்னமும் இப்படித்தான். உடற்கூற்றியல் நூலான 'கிரேஸ் அனாட்டமி'யின் படமொன்றிலிருந்து எடுத்த தலையும் அதன் பின்னே ஒரு நட்சத்திரமும் கொண்ட அந்தச் சின்னத்தை யாரோ ஒருவரின் சட்டையில் பார்த்து, அது என்ன என்று கேட்டதிலிருந்து தங்கள் கதையைத் தொடங்குபவர்கள் ஏராளம்.

எனக்கு மிகவும் பிடித்த கதைகள் கைமாறி வந்தவை பற்றியவை. அண்ணனோ அக்காவோ வீட்டைவிட்டுப் படிக்கப் போகும்போது விட்டுச் சென்ற பெட்டி, பள்ளியில் யாரோடும் பேசாத ஒருவர் திடீரென்று நீட்டிய கேசட், கடிதம் வழியாக மட்டுமே அறிமுகமான நண்பர் அனுப்பிய தொகுப்பு எனப் பல உண்டு. இந்த இசை பெரும்பாலும் தனிமையில் இருந்தவர்களிடம் வந்து சேர்ந்தது. ஆயினும் தானாக வரவில்லை, ஒரு மனிதர் கொண்டுவந்து கொடுத்தார். கேசட்டில் பிரதி எடுத்துக் கொடுப்பது அரை மணி, ஒரு மணி நேர வேலை. பாடல்கள் ஓடி முடியும்வரை கொடுப்பவரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். இடையில் வரும் வரிசையை அவர் யோசித்திருப்பார், பெயர்களைக் கையால் எழுதியிருப்பார், ஒரு பக்கம் தீரும் நேரத்தைக் கணக்கிட்டிருப்பார். பெறுபவருக்கு அந்தக் கையெழுத்தே குழுவின் எழுத்துருவாகிவிடும்.

நான் சிஸ்டர்ஸிடம் வந்தது அப்படித்தான். வேறொரு குழுவின் ஆல்பம் முடிந்து கேசட்டில் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக நண்பர் ஒருவர் 'மேரியன்' பாட்டைச் சேர்த்திருந்தார்; பெயர் எழுதவில்லை. 1985-இல் வந்த முதல் ஆல்பத்தின் பாட்டு அது. கிதார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மின்ன, நீரின் ஆழத்திலிருந்து வருவதுபோல் ஓர் ஆண்குரல் ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே போகிறது. நடுவில் ஆங்கிலம் சட்டென்று ஜெர்மனாக மாறுகிறது. யார் பாடுகிறார்கள், எந்த நாட்டுக் குழு, இது ஓர் ஆளா பலரா என்று எதுவும் தெரியாமல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பாட்டின் உரிமையாளர்களைத் தெரிந்துகொள்ளும் முன்பே அது எனக்குரியதாகிவிட்டிருந்தது. இன்றுவரை சிஸ்டர்ஸ் என்றால் என் செவியில் முதலில் எழுவது வேய்ன் ஹஸ்ஸியின் பன்னிரு தந்திக் கிதாரின் ஒளிதான், எல்ட்ரிச்சின் குரல்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தக் குழுவை வேறு வழியில் அடைந்த ஒருவருக்கு இது விசித்திரமாகப் படும் என்பதை அறிவேன்.

ஏனென்றால் நான் சொல்ல வரும் கருத்துக்கு சிஸ்டர்ஸைவிடத் தெளிவான சான்று வேறில்லை. அந்தக் குழு இதுவரை வெளியிட்டிருக்கும் ஸ்டூடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. மூன்றிலும் எல்ட்ரிச்சையும் டாக்டர் அவலான்ச் என்று பெயரிடப்பட்ட டிரம் மெஷினையும் தவிர மற்றவர்கள் வேறு. 1985 மார்ச்சில் வந்த 'ஃபர்ஸ்ட் அண்ட் லாஸ்ட் அண்ட் ஆல்வேஸ்' ஆல்பத்தில் மார்க்ஸ், ஹஸ்ஸி, கிரெய்க் ஆடம்ஸ் இருந்தார்கள். ஹஸ்ஸியும் ஆடம்ஸும் பிரிந்து தி மிஷன் குழுவைத் தொடங்கினார்கள். 1987-இல் வந்த 'ஃப்ளட்லேண்ட்' ஆல்பத்தில் எல்ட்ரிச்சுடன் தோன்றியவர் பட்ரீஷியா மோரிசன் மட்டுமே. 1990-இல் வந்த 'விஷன் திங்' வேறொரு குழுவின் கடினமான கிதார் ராக். அதற்குப் பிறகு ஆல்பம் இல்லை.

'ஃப்ளட்லேண்ட்' வழியாக வந்தவர்கள்தான் மிகுதி. அதன் முதல் சிங்கிளான 'திஸ் கரோஷன்' பாட்டை ஜிம் ஸ்டைன்மன் தயாரித்தார். பெரும் பாடகர் குழுவின் முழக்கத்தோடு தொடங்கி, ஆல்பத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் ஏழாம் இடம் வரை ஏறியது. மழை கொட்டும் அதன் காணொளியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் திகைத்தவர்களுக்கு சிஸ்டர்ஸ் என்றால் பிரம்மாண்டம், மூடுபனி, மோரிசனின் கருங்கூந்தல். 1980 முதல் 1983 வரையிலான சிங்கிள்களின் வழியாக வந்தவர்களுக்கோ அந்தக் குழு எலும்புக்கூடு போன்றது. 'ஆலிஸ்', 'டெம்பிள் ஆஃப் லவ்', ஊர்ந்து ஊர்ந்து செல்லும் 'தி ரெப்டைல் ஹவுஸ்' என எல்லாம் மலிவான கருவிகளும் குறைந்த பணமும் கொண்டு செய்தவை. அந்த வறுமையே அவற்றின் அழகு என்பார்கள். அவர்களில் தீவிரமானவர்கள் 1983-க்குப் பிறகு எதையும் ஏற்பதில்லை. 1992-இல் 'டெம்பிள் ஆஃப் லவ்' மறுபதிவாகி, இஸ்ரேலியப் பாடகி ஓஃப்ரா ஹாஸாவின் குரலோடு வந்து பிரிட்டனில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. அந்த வடிவத்தை முதலில் கேட்டவருக்கு 1983-இன் மூலப் பதிவு பாதி முடிந்த வீடு போலத் தோன்றும். மூலத்தை முதலில் கேட்டவருக்குப் புதியது அளவுக்கு மீறிய அலங்காரமாகத் தோன்றும். நான் இரண்டையும் நேசிக்கிறேன், ஆயினும் மூலத்தின் வேகத்துக்கு ஈடு இல்லை என்பதே என் தீர்ப்பு.

வேறொருவரின் பாட்டை ஒரு குழு பாடுவதும், ஒரு குழுவின் பாட்டை வேறொருவர் பாடுவதும் இந்த இசைக்கு ஆள் சேர்த்த அளவு விளம்பரங்கள் சேர்த்திருக்காது. 1983-இல் சூக்ஸி அண்ட் தி பன்ஷீஸ் பாடிய பீட்டில்ஸின் 'டியர் புரூடன்ஸ்' பிரிட்டனில் மூன்றாம் இடம் பெற்றது. பீட்டில்ஸை மட்டுமே அறிந்திருந்த வீடுகளுக்குள் சூக்ஸியின் குரல் அப்படித்தான் நுழைந்தது. மெட்டல் ரசிகர்கள் பலர் 2001-இல் கிரேடில் ஆஃப் ஃபில்த் பாடிய 'நோ டைம் டு க்ரை' வழியாக சிஸ்டர்ஸுக்கு வந்தார்கள். பிரான்ஸின் நூவெல் வாக் குழு 2004-இல் அதே 'மேரியன்' பாட்டை பிரேசிலின் மென்மையான போசா நோவா பாணியில் பதிவு செய்தது. அதை முதலில் கேட்டு, மூலத்தைத் தேடிப் போய், எதிர்பாராத இருட்டில் நின்ற ஒரு தோழியின் அனுபவத்தைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பாட்டை அவர் போலத் தலைகீழாகச் சந்திக்கும் வாய்ப்பு எனக்கு இனி இல்லை.

நடன அரங்குகளைப் பற்றிச் சுருக்கமாக. 1982-இல் லண்டனின் சோஹோ பகுதியில் தொடங்கிய பேட்கேவ் விடுதி பத்திரிகைகளில் இடம்பெற்றதால் புகழடைந்தது. அதற்கு முன்பிருந்தே லீட்ஸில் இத்தகைய இரவுகள் நடந்தன. அங்கே பாட்டு உடலுக்கு முதலில் தெரியும், அதன் பெயர் பிறகுதான். இசைத்தட்டைச் சுழற்றுபவரிடம் போய்ப் பெயரைக் கேட்க வெட்கப்பட்டு, ஒரு பருவம் முழுவதும் பெயர் தெரியாத பாட்டுக்கு ஆடியவர்கள் இருக்கிறார்கள்.

இணையக் காலத்து வருகைகளைப் பற்றி மூத்த ரசிகர்கள் சிலர் அலுப்போடு பேசுகிறார்கள். 2020-இல் பெலாரஸின் மின்ஸ்க் நகரத்துக் குழுவான மொல்சாத் டோமாவின் 'சுட்னோ' பாட்டு டிக்டாக்கில் பரவியது. ரஷ்ய மொழி தெரியாத இளைஞர்கள் அதன் குளிர்ந்த சிந்தசைசரில் மயங்கினார்கள். 2022-இல் 'வெட்னஸ்டே' தொடரின் நடனக் காட்சி தி க்ராம்ப்ஸ் குழுவின் 1981 காலத்துப் பதிவு ஒன்றைப் புதிய தலைமுறையின் கையில் கொடுத்தது. சில நொடித் துணுக்கில் பிறந்த ரசனை நிலைக்காது என்பது மூத்தவர்களின் வாதம். இதை நான் ஏற்கவில்லை. 'தி ஹங்கர்' படத்தின் தொடக்கமும் சில நிமிடத் துணுக்குதான். 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் கிடைத்ததும் மூன்று நிமிடம்தான். துணுக்கைத் தாண்டித் தேடிப் போகிறவர் எக்காலத்திலும் போவார். முன்பு பெயரைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின, அந்த இடைவெளியில் பாட்டு மனத்துக்குள் வளர்ந்தது. இப்போது பெயர் உடனே கிடைக்கிறது. ஆனால் பெயர் கிடைத்த அன்றே ஒரு குழுவின் முதல் பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை கேட்டுவிட்டு, ஆல்பத்துக்கு ஆல்பம் மாறிய பாஸ் கலைஞர்களைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்கும் பதினெட்டு வயதுக்காரர்களைச் சந்திக்கிறேன். அவர்களின் அக்கறை எங்கள் தலைமுறையின் அக்கறைக்குச் சற்றும் குறைந்ததில்லை. அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உண்டென்றால், அது கொண்டுவந்து கொடுத்த மனிதர்தான். பரிந்துரைக்கும் கணினி நிரல் பாட்டைச் சரியாகத் தேர்ந்துவிடுகிறது. ஆனால் மறுநாள் அதைப் பற்றிப் பேச வருவதில்லை.

ஆகவே புதிதாக வருபவர் ஒருவர் சிஸ்டர்ஸை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் அவர் எங்கிருந்து வருகிறார் என்று கேட்கிறேன். மெட்டல் வழியாக வந்தவருக்கு 'விஷன் திங்'. நடனத்தின் வழியாக வந்தவருக்கு 'ஃப்ளட்லேண்ட்' ஆல்பத்தின் 'லுக்ரீஷியா மை ரிஃப்ளெக்ஷன்', அதன் பாஸ் ஒன்றே போதும். மொல்சாத் டோமா போன்ற குளிர்ந்த ஒலியிலிருந்து வந்தவருக்குத் தொடக்ககாலச் சிங்கிள்களைத் திரட்டி 1992-இல் வெளியிட்ட 'சம் கேர்ல்ஸ் வாண்டர் பை மிஸ்டேக்'. முதல் ஆல்பத்தை யாருக்கும் முதலில் கொடுப்பதில்லை, அது இரண்டாவதாக வரும்போது இன்னும் நன்றாக ஒலிக்கும். மேடையில் மட்டும் பாடப்பட்டு, இதுவரை எந்த ஆல்பத்திலும் சேராத புதிய பாடல்களும் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் எல்ட்ரிச் அவற்றைக் கச்சேரிக்குக் கச்சேரி பாடி வருகிறார். அரங்கிலிருந்த யாரோ ஒருவர் கைபேசியில் எடுத்த பதிவுகளே கச்சேரிக்குப் போக இயலாதவர்களுக்குக் கிடைக்கின்றன. சென்ற மாதம் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே பாதியில் தொடங்கிப் பாதியில் முடியும் அப்படிப்பட்ட பதிவு ஒன்றை அனுப்பி, "இந்தப் பாட்டோட பேர் என்ன அத்தை?" என்று கேட்டிருந்தாள். தேடிப் பார்த்துச் சொன்னேன். கூடவே 'ஆலிஸ்' பாட்டையும் அனுப்பிவைத்தேன்.